‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று எழுதிய படிவம் 4 திரும்பி வருகிறது: தனியார் மருத்துவமனை யாருக்கு எதை எப்போது தர வேண்டும்?

எம்ஆர்டி_புதுசு கேட்டது:

நகராட்சி எல்லைக்குள் இருக்கும் 40 படுக்கை மருத்துவமனை. பிரசவம், பொது மருத்துவம், எலும்பு முறிவு, சின்னதாக ஒரு ஐ.சி.யூ. பிறப்பு இறப்புத் தாள்களை இதுவரை ரிசப்ஷனில்தான் பார்த்துக்கொண்டார்கள். இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது.

இறப்புக்கு நாங்கள் அனுப்பும் படிவம் 4-ல் (இறப்பின் காரணத்துக்கான மருத்துவச் சான்று) பாதிக்கு மேல் ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ (இதயமும் மூச்சும் நின்றது) என்றுதான் இருக்கிறது. இனி இப்படி வந்தால் வாங்க மாட்டோம் என்று நகராட்சி சுகாதார ஆய்வாளர் சொல்லிவிட்டார். டூட்டி டாக்டர்களோ எல்லோரும் கடைசியில் அப்படித்தானே இறக்கிறார்கள் என்கிறார்கள். அதற்குப் பதில் என்ன எழுதச் சொல்வது?

வரும்போதே இறந்திருந்தவர், சொந்தப் பொறுப்பில் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போய் வழியில் இறந்தவர், இவர்களுக்கும் நாங்கள்தான் தர வேண்டுமா? டெங்கு, டி.பி. எல்லாம் நகராட்சிக்குச் சொன்னால் போதுமா, வேறு இடமும் உண்டா? தாமதமானால் என்ன ஆகும்? நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படிவம்நான்கு:

சுகாதார ஆய்வாளர் சொன்னது சரி. படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது: உடனடிக் காரணமாக நோய், காயம் அல்லது சிக்கலை எழுத வேண்டும், ஹார்ட் ஃபெயிலியர், உடல் தளர்ச்சி போன்ற ‘இறக்கும் விதத்தை’ எழுதக்கூடாது. இதயமும் மூச்சும் நின்றது இறப்பின் அடையாளம். ஏன் நின்றது என்பதைத்தான் படிவம் கேட்கிறது. வெறும் ‘செப்டிசீமியா’ (ரத்தத்தில் கிருமித் தொற்று), ‘மல்டி ஆர்கன் ஃபெயிலியர்’ (பல உறுப்புகள் செயலிழப்பு), ‘முதுமை’ ஆகியவற்றையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்சிஸ் ஏ வரியில் வரலாம், ஆனால் அதற்குக் கீழே அது எங்கிருந்து வந்தது என்று இருக்க வேண்டும்.

பகுதி 1-ல் ஏ, பி, சி என்று மூன்று வரி. மேலிருந்து கீழே வரும்போது ஒவ்வொரு வரிக்கும் ‘இது எதனால்?’ என்று கேட்டு அடுத்த வரியை நிரப்ப வேண்டும். கடைசியாக நிரப்பிய வரிதான் அடிப்படைக் காரணம். புள்ளிவிவரத்தில் பெரும்பாலும் அந்த ஒன்றுதான் எண்ணப்படும், மேல் வரிகள் அதற்கு வழி காட்டுபவை. பகுதி 2 என்பது இறப்புக்குத் துணைபோன, ஆனால் இந்தச் சங்கிலியில் சேராத நோய்களுக்கு.

உங்கள் டாக்டர்களுக்குக் காட்ட மூன்று மாதிரிகள்:

சர்க்கரை நோயாளி, கால் அழுகி வந்து இறந்தார். ஏ: செப்டிக் ஷாக், 1 நாள். பி: இடது பாத கேங்ரீன், 10 நாள். சி: டைப் 2 சர்க்கரை நோய், 15 ஆண்டு. பகுதி 2: உயர் ரத்த அழுத்தம்.

பக்கவாதம் வந்து ஐ.சி.யூ.வில் இருந்தவர். ஏ: ஆஸ்பிரேஷன் நிமோனியா, 3 நாள். பி: மூளைக்குள் ரத்தக்கசிவு, 9 நாள். சி: உயர் ரத்த அழுத்தம், 12 ஆண்டு. இங்கே சர்க்கரை நோய் இருந்தால் அது பகுதி 2-க்குப் போகும்.

ரத்த வாந்தி எடுத்தவர். ஏ: உணவுக்குழாய் வேரிசஸ் (புடைத்த ரத்தநாளங்கள்) ரத்தக்கசிவு, 6 மணி நேரம். பி: மதுவால் வந்த கல்லீரல் சிரோசிஸ், 4 ஆண்டு. அத்தோடு நிறுத்துங்கள். சி வரி காலியாக இருந்தால் தப்பில்லை. நிரப்பியே ஆக வேண்டும் என்று எதையாவது எழுதினால் அதுதான் அடிப்படைக் காரணமாகிவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘நோய் தொடங்கியதற்கும் இறப்புக்கும் இடைப்பட்ட காலம்’ என்ற கட்டம் உண்டு. எல்லா மருத்துவமனையும் அதைக் காலியாக விடுகிறது. நான் பார்க்கும் முதல் கட்டம் அதுதான், ஏனென்றால் வரிசை சரியா என்பதை அதை வைத்தே பிடித்துவிடலாம். கீழே போகப் போகக் காலம் கூட வேண்டும். ஏ வரியில் 12 ஆண்டு, சி வரியில் 3 நாள் என்று வந்தால் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சுருக்கெழுத்து வேண்டாம். ‘எம்.ஐ.’ என்றால் ஹார்ட் அட்டாக்கா, மைட்ரல் வால்வு கசிவா? ‘புற்றுநோய்’ என்றால் எந்த உறுப்பில்? ஐ.சி.டி. குறியீட்டை (நோய்களுக்கான சர்வதேசக் குறியீடு) டாக்டர் போடத் தேவையில்லை, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். முழு வார்த்தையில் நோயின் பெயரை எழுதினால் போதும்.

யார் எழுதுவது என்பதில்தான் எல்லாம் கெடுகிறது. கடைசி நோயில் பார்த்த டாக்டர், கேஸ் ஷீட் கையில் இருக்கும்போதே, உடலை ஒப்படைப்பதற்கு முன் எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்து எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவேடுகள் பிரிவு) மேசையில் டெத் சம்மரியின் கடைசி வரியைப் பார்த்து நிரப்பினால் ‘அரெஸ்ட்’ தான் வரும், அந்த வரியில் இருப்பது அது மட்டும்தானே. நாடு முழுவதும் 2020-ல் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவச் சான்று இருந்தது. அந்தக் கால்வாசிக்குள்ளும் இப்படி எழுதிவைத்தால் எந்த நோயால் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு (1.10.2023 முதல் நடப்பில் உள்ளது) அரசு, தனியார் வேறுபாடு இல்லாமல் மருத்துவமனைக்குள் நடந்த ஒவ்வொரு இறப்புக்கும் காரணச் சான்றைப் பதிவாளருக்கு இலவசமாகத் தர வேண்டும், நெருங்கிய உறவினருக்கும் ஒரு நகல் தர வேண்டும். பில் பாக்கி என்று அதை நிறுத்திவைக்க முடியாது.

பதிவறை_மேசை:

டாக்டர் காரணத்தைச் சொல்லிவிட்டார், நான் பதிவாளர் அலுவலகப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் விதி, நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு. வீடு எந்த ஊர் என்பது கணக்கில்லை. உங்கள் கட்டடத்துக்குள் நடந்தால் உங்கள் நகராட்சி. கிராமத்து வீட்டில் நடந்தால் அங்குள்ள வி.ஏ.ஓ. 21 நாளுக்குள் தகவல் வர வேண்டும். மருத்துவமனை என்றால் பொறுப்பு மருத்துவ அலுவலர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த ஆள்தான் தர வேண்டும். ‘நீங்களே போய்ப் பதிந்துகொள்ளுங்கள்’ என்று உறவினர் கையில் தாளைக் கொடுத்து அனுப்புவது சட்டப்படி தவறு.

பிறப்புக்குப் படிவம் 1, இறப்புக்கு 2, இறந்தே பிறந்ததற்கு 3. படிவம் 4 என்பது 2-உடன் சேர்ந்து வருவது, தனியாக அனுப்பினால் எங்களுக்கு எதனுடன் சேர்ப்பதென்றே தெரியாது. வீட்டில் இறந்தவருக்குக் கடைசி நோயில் பார்த்த டாக்டர் தருவது படிவம் 4ஏ.

சொந்தப் பொறுப்பில் போனவர் விஷயத்துக்கு வருகிறேன். ‘உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்’ என்று வாங்கிக்கொண்டு போய் வீட்டில் இறந்தால் அது வீட்டில் நடந்த இறப்பு. வி.ஏ.ஓ.விடம் பதிவு, நீங்கள் 4ஏ எழுதிக் கொடுக்கலாம். அந்த நேரத்தில் கேட்டு வந்து நிற்கிறார்களே என்று உங்கள் மருத்துவமனைக் கணக்கில் ஏற்றாதீர்கள். உங்கள் டிஸ்சார்ஜ் பதிவேடு ஒன்று சொல்லும், இறப்புப் பதிவு வேறொன்று சொல்லும். பின்னால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். ஓடும் வாகனத்தில் இறந்தால் முதலில் நிற்கும் இடத்தின் பதிவாளரிடம் வாகனப் பொறுப்பாளர் தகவல் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது.

வரும்போதே இறந்திருந்தால் உங்கள் மருத்துவமனையில் நடந்த இறப்பு அல்ல. நீங்கள் சிகிச்சை தராதவருக்குக் காரணம் எழுத உங்களிடம் ஆதாரமும் இல்லை. படிவம் 4 கூடாது. ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போட்டு, காவல் நிலையத்துக்கு இன்டிமேஷன் கொடுத்து, கையெழுத்து வாங்கிய நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து, விஷம், தீக்காயம், பாம்புக்கடி, தூக்கு, சந்தேக மரணம் எல்லாம் எம்.எல்.சி. (காவல்துறைக்குச் சொல்ல வேண்டிய மருத்துவ-சட்ட வழக்கு). அவற்றில் காரணம் சொல்ல வேண்டியவர் பிரேத பரிசோதனை செய்யும் டாக்டர். ஆனால் உங்கள் இடத்தில் இறந்திருந்தால் இறப்பு நடந்த தகவலை நீங்கள்தான் தர வேண்டும், பரிசோதனை அறிக்கை வரட்டும் என்று அதை 21 நாள் தாண்ட விடாதீர்கள்.

தாமதக் கணக்கு இது. 21 நாளுக்கு மேல் 30 நாளுக்குள் தாமதக் கட்டணம். 30 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் மாவட்டப் பதிவாளரின் எழுத்துமூல அனுமதி. ஓராண்டு தாண்டினால் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் அல்லது அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரின் ஆணை. அலைவது குடும்பம்தான். மருத்துவமனைக்கும் ஒவ்வொரு பிறப்பு, இறப்புக்கும் 1000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இனி பிறப்பு. இறப்பைவிட இதில்தான் திருத்த மனுக்கள் குவிகின்றன. 1.10.2023 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பள்ளி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்று ஒன்றுதான் ஆதாரம். ஆக நர்ஸ் காதில் கேட்டதை எழுதும் பழக்கம் இனி ஆகாது. தகப்பன், தாய் இருவரின் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர்களையே எழுதச் சொல்லி, ஆதாரோடு ஒப்பிட்டு, கையெழுத்து வாங்குங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா, விரித்தா சுருக்கியா என்பதையும் அப்போதே முடிவுசெய்யச் சொல்லுங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை என்று பதிவை நிறுத்தாதீர்கள். பெயர் இல்லாமல் பதிந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை. தாயின் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை (கர்ப்பத்தைப் பதிந்தபோது தரும் எண்) அட்மிஷனிலேயே வாங்கிவிடுங்கள். பிரசவம் முடிந்து தேடினால் எண் ஒரு ஊரில், ஆள் ஒரு ஊரில் இருக்கும்.

எல்லோரும் தவறவிடும் ஒரு கட்டம், தாய் வழக்கமாக வசிக்கும் ஊர். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருப்பார், கூட வந்த அம்மா தன் வீட்டு முகவரியைச் சொல்வார், நீங்களும் எழுதிவிடுவீர்கள். படிவத்தின் புள்ளிவிவரப் பகுதி கேட்பது புகுந்த வீடோ தனிக்குடித்தனமோ, அவர் வழக்கமாகக் குடியிருக்கும் ஊரை. இதைத் தப்பாக எழுதினால் ஓர் ஊரில் இல்லாத பிறப்பு ஏறும், இன்னோர் ஊரில் இருந்தது காணாமல் போகும். தடுப்பூசித் தேவையைக் கணக்கிடுவது இந்த எண்ணிக்கைகளை வைத்துத்தான்.

இறந்தே பிறந்தது என்று போட 28 வாரம் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் வெளியே வந்தபின் ஒரு மூச்சு, ஒரு நாடித்துடிப்பு இருந்திருந்தால் எத்தனை வாரக் கர்ப்பமானாலும் அது உயிருள்ள பிறப்பு. பத்து நிமிடத்தில் இறந்தாலும் படிவம் 1 ஒன்று, படிவம் 2 ஒன்று, அதோடு படிவம் 4. ‘எதற்கு இரண்டு வேலை’ என்று படிவம் 3-ல் தள்ளிவிடுவது பல லேபர் வார்டுகளில் நடக்கிறது. பச்சிளங்குழந்தை இறப்புக் கணக்கு குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எம்ஆர்டி_புதுசு:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த 78 வயது அம்மா, அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பதாம் நாள் நுரையீரல் எம்பாலிசத்தில் (ரத்தக்கட்டி அடைப்பு) இறந்தால் அது இயற்கை மரணமா? இன்னொன்று, ‘மதுவால்’ என்று எழுதினால் மகள் கல்யாணத்துக்கு இடைஞ்சல், அதை எடுத்துவிடுங்கள் என்று வீட்டார் கெஞ்சினால் என்ன சொல்வது?

படிவம்நான்கு:

முதலாவது இயற்கை மரணம் இல்லை. ஏ: நுரையீரல் எம்பாலிசம். பி: வலது தொடை எலும்புக் கழுத்து முறிவு. சி: வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தது. இறப்பின் தன்மை ‘விபத்து’. அதாவது அட்மிஷன் அன்றே ஏ.ஆர். போட்டிருக்க வேண்டிய கேஸ். ஒன்பது நாள் கழிந்தது எதையும் மாற்றாது. போலீசுக்குச் சொல்லிவிடுங்கள், பிரேத பரிசோதனை வேண்டுமா இல்லையா என்பதை முடிவெடுப்பது அவர்கள்தான், டாக்டரோ உறவினரோ அல்ல. நான் எழுதிய வரிசை சங்கிலி புரிவதற்காக. எம்.எல்.சி. ஆகும்போது மேலே சொன்னபடி காரணச் சான்று பரிசோதனை செய்பவரிடமிருந்து வரும்.

இரண்டாவதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 17-ம் பிரிவின்படி, வெளியே தரும் இறப்புச் சான்றில் இறப்பின் காரணம் இடம்பெறக் கூடாது. பட்டா மாற்றவும் வங்கியிலும் வாரிசுச் சான்றுக்கும் அவர்கள் நீட்டப்போவது அந்தச் சான்றைத்தான். இதை எடுத்துச் சொன்னால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மீதிப் பேர் கேட்டாலும் மாற்றி எழுதாதீர்கள். கேஸ் ஷீட்டில் ஒன்றும் சான்றில் ஒன்றும் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்ட டாக்டர்.

லேப்_ராஜ்யம்:

டெங்குவைப் பொறுத்தவரை கார்டு டெஸ்ட் (உடனடிச் சோதனை அட்டை) பாசிட்டிவ் எல்லாம் அனுப்ப வேண்டாம். எலைசா (லேப் ரத்தப் பரிசோதனை) உறுதியானால் மட்டும் சொன்னால் போதும். இல்லையென்றால் தினமும் போன் வரும்.

கண்காணிப்பு_களம்:

மேலே உள்ளதைப் பின்பற்றாதீர்கள். எலைசாவில்தான் உறுதி செய்ய வேண்டும் என்பது சரி, ஆனால் உறுதியானதை மட்டும் அனுப்பு என்று எங்கும் இல்லை. நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவம்: எஸ் என்பது களப்பணியாளர் சந்தேகத்தில் தருவது, பி என்பது டாக்டர் பார்த்துக் கணித்தது, எல் என்பது லேப் உறுதி செய்தது. மருத்துவமனை பி-யும் தர வேண்டும், லேப் இருந்தால் எல்-ம் தர வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து இது ஐ.எச்.ஐ.பி. (ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல்) தளத்தில் அன்றாடம் ஏற்றும் முறைக்கு மாறிவிட்டது. கேஸ் ஒன்றும் இல்லாத நாளிலும் ‘பூஜ்யம்’ என்று ஏற்றுங்கள். காலியாக விட்டால் நோய் இல்லையா, ஆள் லீவா என்று தெரியாது.

ஏன் அவசரம் என்றால், காய்ச்சல் தொடங்கி முதல் ஐந்து நாள் போல ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அப்போது கடித்த கொசு 8 முதல் 12 நாளில் அடுத்தவருக்குப் பரப்பத் தொடங்கும். என்.எஸ்.1 (வைரஸின் புரதம்) பாசிட்டிவ் ஆன அன்றே தகவல் வந்தால் அந்தத் தெருவில் புழு ஒழிப்புக்கு அந்த இடைவெளி கிடைக்கும். ஐ.ஜி.எம். (உடலில் பின்னர் உருவாகும் எதிர்ப்புப் பொருள்) எலைசா முடிவுக்கு வாரம் முழுக்கக் காத்திருந்தால் கொசு மருந்து அடிப்பது வெறும் சடங்கு. எலைசாவுக்கு அனுப்பும்போது ஐந்தாம் நாள் வரை என்.எஸ்.1, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். என்று காய்ச்சல் நாளைக் கணக்குப் போட்டுக் கேளுங்கள். மூன்றாம் நாளில் எடுத்த ஐ.ஜி.எம். நெகட்டிவ் எதையும் நிரூபிக்காது.

முகவரிக் கட்டத்தில் ஆதார் முகவரி வேண்டாம். கடந்த இரண்டு வாரம் எங்கே தங்கியிருந்தார் என்பது வேண்டும். ஹாஸ்டல் மாணவிக்குத் தேனி முகவரி போட்டால் தேனியில் தொட்டி கழுவுவார்கள், கோயம்புத்தூர் ஹாஸ்டல் தொட்டி அப்படியே இருக்கும். நடப்பில் இருக்கும் கைபேசி எண்ணும் அவசியம்.

டி.பி. தனித் தடம். நகராட்சியில் சொன்னால் ஆகாது, நிக்ஷய் என்ற அரசின் டி.பி. தளத்தில் பதிய வேண்டும். 2012 மே முதலே கட்டாயம், 2018 மார்ச் அறிவிக்கையில் மருந்துக் கடைகளையும் லேபையும் சேர்த்து, தகவல் தராவிட்டால் தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகள் பாயும் என்றார்கள் (இப்போது பி.என்.எஸ். எனும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 271, 272). சளியில் கிருமி தெரிந்தால்தான் என்று இல்லை: எக்ஸ்ரே பார்த்து டாக்டர் மருந்து ஆரம்பித்தவர், கழுத்துக் கட்டி, முதுகெலும்பு டி.பி. எல்லாம் அடக்கம். புதிதாக ஏற்றுவதற்கு முன் கைபேசி எண்ணை வைத்துத் தேடுங்கள். வேறு மருத்துவமனை ஏற்கெனவே பதிந்திருந்தால் மாற்றல் கேட்க வேண்டும், இரண்டாவது எண் உருவாக்கக் கூடாது. இரண்டு எண் ஆனால் நோயாளிக்கு வரும் ஊட்டச்சத்து உதவித்தொகை (2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய்) சிக்கிக்கொள்ளும். பதிந்தவுடன் வேலை முடிவதில்லை, சிகிச்சையின் முடிவையும் ஏற்ற வேண்டும். சிகிச்சையில் இருந்தவர் லாரி மோதி இறந்தாலும் நிக்ஷயில் ‘இறந்தார்’ என்றே முடியும். அது படிவம் 4-ன் காரணக் கணக்கோடு ஒத்துப்போகாது, ஒத்துப்போக வேண்டியதும் இல்லை.

போனில் உடனே சொல்ல வேண்டியவை இரண்டு.

15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரெனக் கை கால் துவண்டால், ஜி.பி.எஸ். (கிலன் பாரே என்ற நரம்பு நோய்) என்று நரம்பியல் டாக்டர் அடித்துச் சொன்னாலும், மாவட்ட சுகாதார அலுவலருக்கு அன்றே தகவல். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி, துவண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். மாதிரி எடுப்பதற்கு முன் பெரிய ஊருக்கு ரெஃபர் செய்தால், எங்கே போனார்கள் என்று அந்த அலுவலருக்குச் சொல்லிவிடுங்கள். போலியோதான் ஒழிந்துவிட்டதே என்பார்கள். 2014-ல் சான்று வாங்கியதும் இன்றுவரை அது நிலைப்பதும் இப்படி ஒவ்வொரு துவண்ட காலையும் தேடிப் பார்ப்பதால்தான்.

அடுத்தது கர்ப்பிணி அல்லது பிரசவம், கருக்கலைப்பு முடிந்து 42 நாளுக்குள் உள்ள பெண்ணின் இறப்பு. 24 மணி நேரத்துக்குள் தகவல். இங்கே தவறுவது பிரசவ வார்டு இல்லை, மெடிக்கல் ஐ.சி.யூ. கர்ப்பத்தின் ஐந்தாம் வாரத்தில் காய்ச்சலோடு வந்து இறந்த 27 வயதுப் பெண்ணிடம் கர்ப்பம் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். படிவம் 2-லும் 4-லும் அந்தக் கேள்வி இருக்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண் யார் இறந்தாலும் அதை நிரப்பாமல் தாளை வாங்காதீர்கள்.

பதிவறை_மேசை:

ஒன்று விட்டுப்போனது. மாதம் முடிந்ததும் லேபர் வார்டு, ஓ.டி., ஐ.சி.யூ., கேஷுவாலிட்டி பதிவேடுகளில் உள்ள எண்ணிக்கையை நீங்கள் ஏற்றிய எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் விடுபடுவது ஞாயிற்றுக்கிழமைப் பிரசவமும், இரட்டைக் குழந்தையில் இரண்டாவதும். இரட்டை என்றால் இரண்டு படிவம் 1, பிறந்த நேரம் தனித்தனியாக. மாதக் கடைசியில் பிடித்தால் பெரும்பாலானவை 30 நாளுக்குள் நிற்கும், தாமதக் கட்டணத்தோடு முடிந்துவிடும்.